மூக்குப் பாரம்

எங்கட மனுசன், அதாவது என்னைக் கட்டினவர், ஒற்றை விரலால் ட்ரெய்லரைத் தூக்கிக் காட்டிய அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்பவும் சிரிப்பு வந்துவிடும். சமையலுக்கு நடுவில் நினைவு வந்தால் அகப்பையைக் கீழே வைத்து, சிரித்து முடித்துவிட்டுத்தான் மறுவேலை.

ஸ்ட்ரெதத்தில் எங்கள் வீட்டு முன்வாசல். முதல்நாள் பெய்த மழை ஓய்ந்து வெயில் வந்திருந்தது. பச்சைப் பெயின்ட் முழுதாய்க் காயவில்லை, தெருமுனை வரைக்கும் அந்த மணம்தான். வாசலை அடைத்துக்கொண்டு புத்தம் புது ட்ரெய்லர் நின்றது. புதுசு என்றால் மேலே இருக்கிற இடுப்பளவு பலகைப் பெட்டிதான் புதுசு. அடியில் இருக்கிற இரும்புச் சட்டம், அச்சு, சில்லு எல்லாம் எங்கட மகளைவிட வயது கூடின ஒரு கரவனுடையவை, காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்ன வீடு அது.

"இஞ்ச வாரும்! கெதியா வாரும்!" என்று கூப்பிட்டார்.

மாப் பிசைந்த கையோடு ஓடினேன். பக்கத்து வீட்டுச் சுரேஷ் தம்பியும் டீக் கோப்பையோடு வந்து நின்றார். எதிர்வீட்டு ஜொய்ஸ் அம்மா யன்னலைத் திறந்தா.

காரின் பின்னால் ஒரு இரும்புக் குண்டு இருக்கும். ட்ரெய்லரின் முன்னால் நீண்டிருக்கும் இரும்பை அதில் கொளுவவேண்டும். அந்த நீட்டு இரும்புக்கு எங்கள் வீட்டில் மூக்கு என்று பெயர். எங்கட மனுசன் மூக்குக்குக் கீழே சுட்டுவிரலைக் கொடுத்தார். பெட்டிக்குள் என்னுடைய கிடாரங்கள், தாச்சிகள், காஸ் அடுப்புகள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. அவ்வளவு பாரத்தோடும் மூக்கு மெல்ல மேலே வந்தது.

"பாத்தீரோ? ஒரு விரல்! காருக்குப் பாரமே தெரியாது!"

சுரேஷ் கை தட்டினார். ஜொய்ஸ் அம்மா ஏதோ கத்தி வாழ்த்தினா. நானும் பூரித்துத்தான் போனேன், பொய் சொல்லக் கூடாது. அந்த ஒரு விரல்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் எங்களை நடுறோட்டில் ஆட்டிவைக்கப் போகிறது என்று ஆருக்குத் தெரியும்?

வான் போனது

இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்கு என் வெள்ளை வானைத் தெரியும். இந்தக் கிழமைதான் முதன்முதல் வாசிக்கிறவர்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்கிறேன்.

என் பெயர் மலர். கிழமை நாட்களில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சனி, ஞாயிறில் லண்டன் தமிழ்ச் சனத்தின் கலியாணம், சாமத்திய வீடு, அந்தியேட்டி எல்லாவற்றுக்கும் சோறு ஆக்குவது. வீட்டில் சமைத்துப் பெட்டியில் அடைத்து அனுப்புகிற வேலை என்னிடம் கிடையாது. மண்டபத்துக்கே கிடாரத்தோடு போய் அங்கேயே அடுப்பு மூட்டுவேன். குழம்பு அடுப்பிலிருந்து நேரே சாப்பிடுகிறவரிடம் வரவேண்டும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் மூடி வந்தாலே எனக்குக் கோபம் வரும்.

இதற்கெல்லாம் வான் வேண்டும். என்னுடையது பழைய டீசல் வான். லண்டன் முழுக்கப் புகைக் கட்டணம் வந்த பிறகு, அது வாசலை விட்டு இறங்கினாலே கட்டணம் என்று ஆகிவிட்டது. விற்றோம். வாங்கின ஆள் அதை ஓட்டிக்கொண்டு போன நேரம் நான் மேல்மாடி யன்னலடியில் நின்று அழுதேன்.

"ஒரு வானுக்காக அழுறீங்களா அம்மா?" என்று மகள் அகல்யா போனில் சிரித்தாள். ஓம், வானுக்காகத்தான் அழுதேன். அதில் என்ன வெட்கம்?

வாடகைக்கு வான் எடுத்தும் பார்த்தோம். திருப்பிக் கொடுக்கப் போனபோது அங்கிருந்த ஆள் பின்கதவைத் திறந்தார், மணந்தார், எங்களை ஏற இறங்கப் பார்த்தார். எங்கட மிளகாய்த்தூள் ஒருமுறை ஏறின இடத்தை விட்டு லேசில் இறங்காது. அடுத்த முறை கேட்டபோது வான் ஒன்றும் இல்லை என்றார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை வான் நின்றது.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் ஒரே பாட்டு. "காணும் அம்மா, விடுங்கோ. உங்கட முழங்காலைப் பாருங்கோ."

முழங்கால் உண்மைதான். வலது கால். ஏதாவது உயரத்தில் ஏறினால் கரகர என்று சத்தம் போட்டு எல்லாருக்கும் அறிவிக்கும். எடை குறைந்தால் முழங்காலுக்கு நல்லது என்று அகல்யா ஒரு குளியலறைத் தராசு வாங்கி அனுப்பியிருந்தாள். அதைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். எந்தக் கதையைத் தொடங்கினாலும் கடைசியில் என் முழங்காலில் கொண்டுவந்து முடிக்கிறார்களே என்று சரியான எரிச்சல்.

நானும் விட்டிருப்பேன். ஆனால் புஷ்பத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தேனே.

பிளாஸ்கில் கொண்டுபோன கறி

புஷ்பமும் நானும் லண்டனுக்கு வந்த புதுசில் ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் வாடகைக்கு இருந்தோம். குசினி ஒன்றுதான். அவளுக்கு மகள் பிறந்தபோது பக்கத்தில் தாயுமில்லை, மாமியுமில்லை. பிள்ளை பெற்ற உடம்புக்கு மல்லியும் மிளகும் மஞ்சளும் அரைத்து வைக்கிற சரக்குக் கறியை நான் வைத்து, பிளாஸ்கில் ஊற்றி, பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்ததும் வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. புஷ்பம் ஒரு வாய் குடித்தாள். பிறகு அழுதுகொண்டே மிச்சத்தையும் குடித்து முடித்தாள்.

நான் தொட்டிலுக்குள் குனிந்து, "எடியே, உன்ர கலியாணத்துக்கும் நான்தான் சமைப்பன், கேட்டுதோ?" என்றேன்.

அந்தக் கீர்த்திகாவுக்குத்தான் கலியாணம் சரிவந்தது. புஷ்பம் வந்து என் கதிரையில் இருந்துகொண்டு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"மலர், நீ வடிவா உடுத்திக்கொண்டு வந்து முன்வரிசையில இரு. சமையலுக்கு ஆரையும் பிடிப்பம். உனக்கு வானும் இல்லை, காலும் ஏலாது."

அன்பாய்த்தான் சொன்னாள். அதனால்தான் கூடச் சுட்டது. அவளுடைய மனுசன் வேறொரு சமையல்காரரின் நம்பரைச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

"கொஞ்ச நாள் பொறு. ஒரு வழியும் இல்லையெண்டா நானே உனக்குச் சொல்லுவன்," என்றேன். அவள் போன பிறகு சட்டி பானையெல்லாம் எடுத்து மினுக்கினேன். ஒவ்வொன்றையும் டங் டங் என்று வைத்தேன்.

அந்தச் சத்தத்தில்தான் எங்கட மனுசன் பேப்பரை மடித்து வைத்தார். அவர் பெயர் குணம். லண்டன் பஸ் ஓட்டுகிறவர். பஸ்ஸை நிறுத்துகிற மாதிரியே கதையையும் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுவார். அன்றைக்கு அதிசயமாய் அவரே தொடங்கினார்.

"ஒரு ட்ரெய்லர் செய்வம். எஞ்சின் இல்லாததுக்கு ஏது புகை? எங்கட பெட்ரோல் கார் இழுக்கும்."

"ஆர் செய்யிறது?"

"நான்தான். ஆனா நீர் எனக்கு ஒரு சொல்லுத் தரவேணும். புஷ்பத்தின்ர மகளின்ர கலியாணம்தான் கடைசி. அதோட நீர் அகப்பையைக் கீழ வைக்கவேணும்."

ட்ரெய்லர் வேண்டும் என்பதற்காக "ஓம்" என்றேன். வாய்தான் சொன்னது, மனம் சொல்லவில்லை.

ஓசியில் வந்த வீடு

கென்ட் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் தன்னுடைய பழைய கரவனைச் சும்மா தருவதாக இணையத்தில் போட்டிருந்தார். எங்கட மனுசன் காருக்குப் பின்னால் அந்த இரும்புக் குண்டைப் பூட்டுவித்துக்கொண்டு, சுரேஷையும் ஏற்றிக்கொண்டு போனார்.

சுரேஷுக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை. "அண்ணா, எனக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியாதுங்க," என்று முதலே சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினார். என் வடைக்கு நன்றிக்கடன் என்று வந்த மனுசன்.

கரவன்காரர் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து, "முதல் பயணம் எங்கே?" என்று கேட்டாராம். மனைவியோடு எத்தனையோ கோடையைக் கழித்த வண்டி அது. உடைத்து இரும்பை எடுக்கப்போகிறோம் என்று சொல்ல எங்கட மனுசனுக்கு வாய் வரவில்லை. "ஸ்கொட்லாந்து" என்றாராம். அந்த மனுசன் சந்தோசப்பட்டு உள்ளே ஓடிப்போய் ஸ்கொட்லாந்து வரைபடம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

"வண்டி எப்பிடி வந்தது?" என்று கேட்டேன்.

"ஒரு ஆட்டம் அசைவு இல்லை. கட்டின பசு மாதிரிப் பின்னால வந்தது," என்றார். பிறகு மூக்கைக் கழற்றித் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. முகம் சுருங்கியது. "ஆனா முன்னுக்குச் சரியான பாரம். இதை இழுக்க எங்கட கார் என்ன பாடு பட்டிருக்கும்! உவங்களுக்கு வண்டில் கட்டத் தெரியாது. நான் திருத்துறன்."

திருத்துறன் என்ற அந்தச் சொல்லை மட்டும் மறந்துவிடாதேங்கோ.

பிறகு தொடங்கியது கூத்து. இவருக்கு விடியற்காலை ஷிப்ட். பின்னேரம் வந்து சாப்பிட்டதும் சுரேஷோடு கரவனை உரிக்கத் தொடங்குவார். தகரத்தை உரித்தால் உள்ளே ஈரத்தில் ஊறின பலகை. அதைக் கழற்றினால் பஞ்சு. பூப்போட்ட சுவர்க் கடதாசி, பொம்மைவீட்டில் இருப்பது போல ஒரு சின்னஞ்சிறு சிங்க். சுரேஷ் அந்தச் சிங்கைக் கையில் வைத்துக்கொண்டு, "பாவங்க்கா, இதுல எத்தனை தடவை டீக்கப் கழுவியிருப்பாங்க," என்று நின்றார். குப்பைக்குப் போக விடாமல் நான் வாங்கிக்கொண்டேன். இப்போது அதில் புதினா நிற்கிறது.

என் கறிவேப்பிலைச் சாடிக்கு மேலே ஒரு கதவு விழுந்ததையும் சொல்லவேண்டும். லண்டன் குளிரில் கறிவேப்பிலை வளர்த்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். "கோதாரி! கலியாணத்துக்குத் தாளிக்க என்ன போடுறது? உங்கட ஸ்பேனரையோ?" என்று நான் போட்ட சத்தத்தில் ஜொய்ஸ் அம்மா யன்னலைத் திறந்து, எல்லாம் சரியா என்று கேட்டா. சரியில்லை என்றேன்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். இரும்பில் துருவாய் ஏறியிருந்த கறளைச் சுரண்டிச் சுரண்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, நல்ல பலகையில் தளம் போட்டு, சுற்றிவரப் பலகை நிறுத்தி, சிவப்பு லைட் பூட்டி அவர் அதை எழுப்பியபோது, வீட்டில் சத்தம் கூடிவிட்டது. அதுவரை பேப்பரும் டிவியுமாக இருந்த மனுசன் சுத்தியலோடு பாட்டுப் பாடினார். எனக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது.

மாட்டுக்குப் பாவம்

இந்த இடத்தில் ஒரு மாட்டைப் பற்றிச் சொல்லாமல் போக ஏலாது.

இவருடைய தகப்பன் ஏழாலையில் வெங்காயம் ஏற்றுகிற வண்டில் வைத்திருந்தவர். வண்டிலில் ஒரு விசயம் முக்கியம். மூட்டைகளை முன்னுக்கு அடுக்கினால் பாரம் மாட்டின் கழுத்தில் குந்தும். தகப்பன் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தி அடுக்கிவிட்டு, நுகத்தடியை விரலால் தூக்கிப் பார்ப்பாராம். லேசாய் எழும்பினால்தான் மாட்டைக் கட்டுவார். இவர் சின்ன வயதில் ஒருநாள் முன்னுக்கு ஏறி இருந்ததற்கு, "உனக்குக் கால் இல்லையோ? மாட்டின்ர கழுத்தில ஏன்ரா குந்துறாய்?" என்று முதுகில் வாங்கினவர்.

அந்த அடி இன்னும் முதுகில் இருக்கிறது போல. ட்ரெய்லரில் என் கிடாரங்களுக்கு ஒரு இரும்புத் தட்டு செய்து, அதைக் கொண்டுபோய்ப் பின்பலகை ஓரத்தில் பூட்டினார். அடுப்புகளும் பின்னுக்கு. ஒவ்வொன்றாய் வைக்க வைக்க முன்னால் வந்து மூக்கை விரலால் தூக்கிப் பார்ப்பார்.

சுரேஷ் ஒருதரம் கேட்டார். "அண்ணா, முன்னாடி கொஞ்சம் வெயிட் இருக்க வேண்டாமுங்களா?"

"தம்பி, நீர் மாட்டு வண்டிலில போயிருக்கிறீரோ?"

"இல்லீங்கண்ணா. பைக்தான்."

"அப்ப சும்மா இரும்."

சுரேஷ் சும்மா இருந்தார். அப்படித்தான் அந்த விரல் வித்தை வந்தது.

தேசிக்காய் நசித்த கையோடு

சரி, சனிக்கிழமைக்கு வருவோம். விரல் காட்டி முடிந்ததும் வெள்ளோட்டம். குரொய்டனில் உள்ள மொத்தக்கடைக்குப் போய்க் கலியாணத்து அரிசியை ஏற்றி வருவது என்று திட்டம்.

புது வண்டிக்குச் சில்லுக்கடியில் தேசிக்காய், சுரேஷின் பாஷையில் எலுமிச்சம்பழம், வைத்து நசிக்கவேண்டும். காரின் சில்லுகளுக்குப் போன முறையே நசித்தாயிற்று, ட்ரெய்லருக்கு மட்டும் போதும் என்றார் இவர். சேர்ந்து ஓடுகிற வண்டிக்கு எல்லாச் சில்லுக்கும் வைக்கவேண்டும் என்றேன் நான். அதில் கொஞ்ச நேரம் போனது. கடைசியில் எல்லாவற்றுக்கும் வைத்தோம். டப் டப் என்று நசிந்த சத்தத்துக்கு ஜொய்ஸ் அம்மா கை தட்டினா.

தெருக்களில் ஒரு குறையும் இல்லை. சிக்னலில் நின்றபோது பக்கத்து பஸ் ட்ரைவர் இவரைக் கண்டு கட்டைவிரலைக் காட்டினார், இவருக்குத் தலைகால் தெரியவில்லை. குரொய்டன் கிட்ட பேர்லி வே என்ற அகலமான றோட்டில் ஏறி, கொஞ்சம் வேகம் எடுத்தார்.

ஆரோ என் கதிரையைப் பின்னாலிருந்து பிடித்து இந்தப் பக்கம் இழுத்தார்கள். பிறகு அந்தப் பக்கம். திரும்பிப் பார்த்தேன். பச்சைப் பெட்டி இடப்பக்கம் போகிறது, வலப்பக்கம் வருகிறது, திரும்ப இடப்பக்கம், முதலைவிடக் கூட. கிடாரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கோயில் மணி அடித்தன.

"ஐயோ, இஞ்சாருங்கோ! நிப்பாட்டுங்கோ!"

"பறையாதையும், பேசாமல் இரும்!"

அவர் பிரேக்கைத் தொடவில்லை. அக்ஸிலறேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தார். எத்தனையோ வருசம் பஸ் ஓட்டின கால் அது. ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. மிச்சத் தூரம் நத்தை வேகம். பின்னால் வந்த கார்க்காரர்கள் எல்லாரும் ஹோர்ன் அடித்து எங்களுக்குத் தெரியாத புது வார்த்தைகளைக் கற்றுத் தந்தார்கள்.

மொத்தக்கடை வாசலில் இறங்கி ட்ரெய்லரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். சில்லை உதைந்தார். போல்ட்டுகளைத் தொட்டுப் பார்த்தார். காசு கட்டிவிட்டு வாறன் என்று உள்ளே போனவரின் தோள் தொங்கிப்போய்க் கிடந்தது.

இந்த வண்டியில் சோறு கொண்டுபோக ஏலாது. புஷ்பத்துக்குப் போன் எடுத்து, உன்ர மனுசனின் பொக்கற்றில இருக்கிற நம்பருக்கு அடி என்று சொல்லவேண்டியதுதான். அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். கண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரம் கடை ஆள் அரிசி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து, "எங்க அக்கா போடுறது?" என்றார்.

எங்கட மனுசன் சொல்லிவைத்தபடி மூட்டைகள் பின்னுக்கு, கிடாரத் தட்டுக்குள் போகவேண்டும். பின்பலகையைத் தட்டும் அடுப்புகளும் அடைத்திருந்ததால், அதற்கு ஒருவர் பெட்டிக்குள் ஏறி நின்று வாங்கவேண்டும். நான் காலைத் தூக்கி வைத்துப் பார்த்தேன். முழங்கால் கரகர என்றது.

"எனக்கு ஏறேலாது தம்பி. இந்த முன்பலகைக்கு மேலால தூக்கி அப்பிடியே உள்ள போடும்," என்றேன்.

தொம், தொம் என்று எல்லா மூட்டைகளும் முன்னுக்கு விழுந்தன. காரின் பின்பக்கம் கொஞ்சம் பதிந்தது.

மூட்டைகளின் ஊர்வலம்

வெளியே வந்தவர் அதைப் பார்த்ததும் கத்தினார். "கார் குந்திப்போச்சு! ஆர் முன்னுக்குப் போட்டது?"

"நான்தான்! என்ர முழங்காலுக்கு ஏறேலாது. வேணுமெண்டா நீங்கள் ஏறி மாத்துங்கோ!"

மாற்றுகிற தெம்பு அவருக்கு இல்லை. "ஊர்ந்துதானே போகப்போறம், கிடக்கட்டும்," என்று எடுத்தார்.

ஊர்ந்தோம். பின்னால் ஹோர்ன். கொஞ்சம் கூட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம். நான் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஆட்டத்தைக் காணவில்லை. கிடாரங்கள் வாய் திறக்கவில்லை. முதல் ஆடின அதே வேகம், அதே றோட்டு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காத்து விழுந்திட்டுது போல," என்றார்.

"அந்த மரத்தைப் பாருங்கோ, தலைவிரிச்சு ஆடுது. காத்து எங்க விழுந்தது?"

அவர் பிறகு ஒரு பெரிய கடையின் கார் நிறுத்துமிடத்துக்குள் திருப்பினார், ட்ரெய்லருக்குள் ஏறினார், மூட்டையெல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளினார். திரும்ப றோட்டுக்குப் போனோம். கொஞ்ச வேகத்திலேயே வால் ஆடத் தொடங்கியது. உடனே காலை எடுத்தார். சுற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வந்து மூட்டைகளை முன்னுக்குக் கொண்டுவந்தார். போனோம். கோடு கீறினது போல நேரே வந்தது. அரிசி மூட்டைகள் இப்படி ஊர்வலம் போனது லண்டனில் அன்றைக்காய்த்தான் இருக்கும்.

சேட்டு நனைய இறங்கி நின்று, காரின் முதுகில் கையை வைத்தார்.

"கழுத்தில பாரம் இருக்கவேணும் போல கிடக்கு," என்றார். தகப்பனுக்கு விரோதமாய் ஒரு சொல் சொல்ல அந்த மனுசன் பட்ட பாடு எனக்கு விளங்கியது. "மாடெண்டா தானா நேரே நடக்கும். இது அப்பிடியில்லை. இறுக்கிப் பிடிச்சிருக்கவேணும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் சுரேஷ் போனில் தேடினார். "ஆமாங்க்கா! முன்னாடிதான் வெயிட் இருக்கணுமாம். பின்னாடி போனா இப்படித்தான் ஆடுமாம். எவ்வளவு இருக்கணும்னு கார் புஸ்தகத்துலயே போட்டிருக்காம்."

"உதை முதலே பாத்திருக்கலாமே தம்பி?"

"அண்ணா சும்மா இருன்னு சொன்னாருங்களே."

எவ்வளவு பாரம் என்று நிறுக்க வேண்டும். நான் கட்டிலுக்குக் கீழே இருந்து அகல்யாவின் தராசை எடுத்து வந்தேன். என்னுடைய முழங்காலுக்காக வந்த தராசில் ட்ரெய்லரின் மூக்கு ஏறி நின்றது. இவர் கிடாரத் தட்டைக் கழற்றி முன்னுக்குப் பூட்டினார், சாமான்களை மாற்றி மாற்றி வைத்தார், சுரேஷ் குனிந்து முள்ளைப் பார்த்துச் சொன்னார். சரியான இடம் வந்தபோது இவர் விரலைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. காரைப் பார்த்து, "மன்னிச்சுக்கொள்," என்றார்.

அன்று பின்னேரமே புஷ்பத்துக்குப் போன் எடுத்தேன். "உன்ர மனுசனிட்டச் சொல்லு, பொக்கற்றைக் காலியாக்கட்டாம்."

பின்பலகையில்

ஹரோ பக்கத்தில் மண்டபம். கலியாணத்தன்று விடிய வெளிக்கிட்டு லண்டனைக் குறுக்கே வெட்டிப் போனோம். ட்ரெய்லர் மூச்சுக்கூட விடவில்லை. என் குசினி என் பின்னால் வருகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

சமையலைப் பற்றி நானே புகழக் கூடாது. ஆனாலும் சொல்வேன். கத்தரிக்காய்க் குழம்பு அந்தமாதிரி வந்தது. கறிவேப்பிலை கடையில் வாங்கினதுதான், அதற்கு இவரை ஒருதரம் ஏசிவிட்டுத்தான் தாளித்தேன். புஷ்பத்தின் மனுசன் மூன்றாம் தரம் பாயாசத்துக்கு வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. கீர்த்திகா கூறைச் சேலையோடு குசினி வாசலுக்கே வந்து, "அன்ரி, அம்மா அந்த ஆஸ்பத்திரிக் கதையை எல்லாருக்கும் சொல்லிட்டா," என்று கட்டிப்பிடித்தாள். அவளுடைய பட்டில் என் மஞ்சள் கை படாமல் தூக்கிவைத்துக்கொண்டு நின்றேன்.

பந்தி முடிந்தது. கிடாரங்கள் உள்ளே தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளைக் காருக்கு இடம் வேண்டும் என்று எங்கட மனுசன் காரைக் கழற்றி அங்கால் நிறுத்தியிருந்தார். குசினிக் கதவடியில் ட்ரெய்லர் வெறுமையாய்த் தனியே நின்றது.

பெண்ணின் தாய் புஷ்பம் விடியத் தொடக்கம் ஒன்றும் சாப்பிடவில்லை. "மலர், பசி காதை அடைக்குது," என்று சோற்றுக் கோப்பையும் பாயாசமுமாக வெளியே வந்தாள். கதிரை ஒன்றும் இல்லை. ட்ரெய்லரின் பின்பலகையைக் கீழே இறக்கிவிட்டு, என்னுடைய கோப்பையையும் எடுத்துக்கொண்டு, நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் ஏறிக் குந்தினோம்.

அவள் முதல் வாயை எடுத்தாள். பலகை மெல்லக் கீழே போனது. முன்னால் மூக்கு நிலத்தை விட்டு எழும்பி வானத்தைப் பார்க்கத் தொடங்கியது. பாயாசம் வழிந்தது, புஷ்பம் வீரிட்டாள், நான் அவளைப் பிடிக்க அவள் என்னைப் பிடிக்க, இரண்டு கிழவிகளும் சறுக்கி இறங்குகிறோம்.

"எழும்பாதேங்கோ!" என்று கத்திக்கொண்டு எங்கட மனுசன் ஓடி வந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எழும்பின மூக்கின் மேல் பாய்ந்து குந்தினார். பலகை திரும்ப நேரே வந்தது. கழுத்தில் குந்தாதே என்று தகப்பனிடம் அடி வாங்கின மனுசன், முழு உடம்போடும் கழுத்தில் இருந்தார்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளையின் பெரியம்மா எட்டிப் பார்த்தா. "ஆர் இண்டைக்குச் சமைச்சது? ஆவணியில எங்கட மகனுக்கும் கலியாணம் வைச்சிருக்கு, அதுதான் கேட்டனான்," என்றா.

நான் வாயில் சோற்றோடு எங்கட மனுசனைப் பார்த்தேன். இதுதான் கடைசி என்று சொல்லு வாங்கினவர். அவர் சொல்லட்டும்.

கால் நிலத்தில் முட்டாமல், இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் கழுத்தைத் திருப்பினார்.

"இந்தா, பின்னுக்கு ஏப்ரனோட இருக்கிறா, அவதான். திகதியைச் சொல்லுங்கோ, வருவம்."

அவ போன பிறகு கேட்டேன். "கடைசி எண்டியள்?"

"ட்ரெய்லர் செய்தாச்சே. சும்மா நிண்டால் கறள் பிடிக்கும்," என்றார். பிறகு, "நீங்கள் சாப்பிடுங்கோ. நான் எழும்பமாட்டன்," என்றார்.

புஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோப்பையைத் திரும்ப மடியில் வைத்தாள். நாங்கள் ஆறுதலாகச் சாப்பிட்டோம்.